கையெழுத்து வைத்தால் நாடு போய்விடுமா?

நன்கொடை உறுதி என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. மகளுக்கு வீடு எழுதி வைக்க வேண்டும் என்று ஏங்காத உம்மாவும் வாப்பாவும் நம்மில் குறைவு. நொத்தாரிசின் மேசையில் தாளை விரித்து, தாமும் ஒப்பம் வைத்து, சாட்சிகளும் ஒப்பம் வைத்த பிறகுதான் அவர்கள் மனம் ஆறும். பின்னொரு நாள் பிள்ளைகளுக்குள் பிணக்கு வந்துவிட்டால் முதலில் கிளம்பும் கேள்விகளும் உங்களுக்குத் தெரிந்தவையே. எழுதிக் கொடுத்த நேரம் அவருக்கு அறிவு தெளிவாக இருந்ததா? கொடுத்த பொருள் அவருக்கே சொந்தமானதா? ஒப்பம் வைக்கும்போது பக்கத்தில் நின்றது யார்? 'ஹிபா' என்னும் அன்பளிப்பைப் பற்றி நம் மார்க்கச் சட்ட நூல்கள் கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். கொடுப்பவர் மனம் ஒப்பிக் கொடுக்க வேண்டும்; பொருள் அவருடையதாக இருக்க வேண்டும். பலவந்தத்தின் பேரில் கொடுத்தது ஹிபா ஆகாது.

பத்துப் பேர்ச் வளவுக்கே இத்தனை கேள்வி. ஒரு நாட்டையே ஒருவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால்?

அப்படி ஓர் உறுதி கி.பி. 1580ஆம் ஆண்டு நம் கொழும்பில் எழுதப்பட்டது. எழுதிக் கொடுத்தவர் கோட்டே மன்னர் தர்மபாலர். தனக்குப் பின் தன் இராச்சியம் முழுவதும் போர்த்துக்கல் மன்னருக்குச் சேர வேண்டும் என்பது அதன் சாரம். பள்ளிக்கூடத்தில் இதை ஒரு வரியில் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குப் பின்னால் அறுபது ஆண்டுக் கதை இருக்கிறது. அது ஒரு குடும்பத்துக்குள் மூண்ட சொத்துத் தகராற்றில் தொடங்குகிறது.

கோட்டேயை ஆண்ட ஆறாம் விஜயபாகுவுக்கு மூத்த மனைவி வழியில் மூன்று ஆண்மக்கள். அவர்களை ஒதுக்கிவிட்டு, இளைய இராணியின் பக்கத்தில் வளர்ந்த பிள்ளைக்கு அரசைக் கொடுக்க அவர் எண்ணம் கொண்டார். விஷயம் மூவருக்கும் எட்டியது. 1521இல் தந்தை கொல்லப்பட்டார். அரண்மனை சூறையாடப்பட்டது. 'விஜயபா கொள்ளய' என்று சிங்கள மக்கள் இன்றும் சொல்வது இதைத்தான். பிள்ளைகள் நாட்டை மூன்று துண்டாக்கினார்கள். மூத்தவர் புவனேகபாகு கோட்டேயை எடுத்தார், நடுவர் ராயிகமையை, இளையவர் மாயாதுன்னை சீதாவக்கையை. இளையவருக்கு வீரமும் ஆசையும் அதிகம். மூத்தவருக்கு அச்சம் அதிகம். அச்சப்பட்டவர் யாரிடம் போனார் தெரியுமா? கொழும்புத் துறையில் கப்பலோடு நின்ற போர்த்துக்கேயரிடம்.

அந்த 1521ஆம் ஆண்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி, உலகின் மறுகோடியில், இன்று மெக்சிக்கோ என்று நாம் அழைக்கும் தேசத்தில், அஸ்டெக் மக்களின் தலைநகரம் ஸ்பானியரின் கையில் விழுந்தது. டெனோச்டிட்லான் என்பது அந்நகரின் பெயர். ஏரியின் நடுவே கட்டப்பட்ட ஊர். கரையோடு அதை இணைத்தவை கல்லால் கட்டிய நீண்ட பாதைகள். இரண்டு இலட்சம் பேர் வரை அங்கே வாழ்ந்தார்கள் என்று கணக்கிடுவோர் உண்டு. அன்றைய ஸ்பெயினில் அவ்வளவு பெரிய பட்டணம் ஒன்றுகூட இல்லை.

ஹெர்னான் கோர்ட்டேஸ் என்ற ஸ்பானியன் 1519இல் அந்தக் கரையில் இறங்கியபோது அவனிடம் இருந்தவை பதினொரு கப்பல்கள், ஐந்நூறு பேர் அளவான படை, பதினாறு குதிரைகள். இவ்வளவை வைத்துக்கொண்டு ஒரு பேரரசை எப்படி வென்றான்? துப்பாக்கியும் குதிரையும் என்று ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறோம். நான் படித்தவரையில், அவனுக்கு வழி திறந்தவை வேறு.

அஸ்டெக் மன்னர்கள் அயல் நாடுகளிடம் கடும் கப்பம் வாங்கினார்கள். போரில் பிடித்தவர்களைத் தம் தெய்வங்களுக்குப் பலியிட்டார்கள். பறிகொடுத்தவர்கள் என்பதற்காக இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ட்லக்ஸ்கலா என்ற அயல் நாடு அவர்களுக்கு அடிபணியவில்லை. அதற்காக அந்நாட்டைச் சுற்றி வளைத்து, உப்பும் பருத்தியும் உள்ளே போகாமல் தடுத்து வைத்திருந்தார்கள். எத்தனையோ ஆண்டுகள் உப்பில்லாமல் சமைத்த ஒரு நாட்டுப் பெண்களின் மனத்தில் எவ்வளவு கசப்பு இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த ட்லக்ஸ்கலா மக்கள் முதலில் கோர்ட்டேஸோடு மோதினார்கள். பிறகு அவனோடு சேர்ந்துகொண்டார்கள். இறுதி முற்றுகையில் ஸ்பானியர் சில நூறு பேர் என்றால் அவர்களோடு நின்ற உள்நாட்டார் பல்லாயிரம் பேர்.

இன்னொரு திறவுகோல் ஒரு பெண். தபாஸ்கோ என்ற இடத்தில் தோற்றுப்போன தலைவர்கள் கோர்ட்டேஸுக்குப் பொன்னோடு இருபது பெண்களையும் பரிசாகக் கொடுத்தார்கள். அவர்களில் ஒருத்தி மலின்ட்சின். அவளுக்கு அஸ்டெக் மக்களின் பாஷையும் தெரியும், மாயா மக்களின் பாஷையும் தெரியும். அவள் வாய் வழியாகவே கோர்ட்டேஸ் அந்த நாட்டோடு பேசினான். இன்று மெக்சிக்கோவில் அந்நியரை மெச்சித் திரிபவர்களைத் திட்டுவதற்கு அவள் பெயரைத்தான் எடுக்கிறார்கள். இது அநியாயம் என்பது என் எண்ணம். பண்டமாகக் கைமாறிய ஒரு சிறு பெண், எந்த நாட்டுக்குத் துரோகம் செய்ய முடியும்? அவளைக் கொடுத்த ஆண்களை யாரும் திட்டுவதில்லை.

மன்னர் மொக்டெசூமாவும் பரிசு அனுப்பினார். வண்டிச் சக்கரம் அளவிலான பொன் சூரியன், வெள்ளி நிலா, இறகால் செய்த அணிகள். வந்தவனைத் திருப்தியாக்கித் திருப்பி அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு. கணக்குப் பிழைத்தது. பொன்னைக் கண்டவனுக்கு நடையில் வேகம்தான் கூடியது. அவற்றில் சில ஐரோப்பாவுக்குப் போயின. 1520இல் அல்பிரெக்ட் டூரர் என்ற ஜெர்மன் ஓவியர் அவற்றை நேரில் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார். பொன்னில் பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது.

1519 நவம்பர் 8ஆம் திகதி மொக்டெசூமா கோர்ட்டேஸைத் தன் நகருக்குள் வரவேற்றார். சில நாட்களில் விருந்தாளி வீட்டுக்காரரைச் சிறைபிடித்துவிட்டான். அடுத்த ஆண்டு நகரத்தார் கொதித்தெழுந்தார்கள். அந்தக் கலவரத்தினிடையே மொக்டெசூமா இறந்தார். ஸ்பானியர் ஓர் இரவில் அடிபட்டு, பொன்னைத் தண்ணீரில் போட்டுவிட்டு ஓடினார்கள்.

இப்போது நம் உறுதிக்கு வருவோம். 1520 ஒக்டோபர் 30ஆம் திகதியிட்டு கோர்ட்டேஸ் தன் மன்னர் ஐந்தாம் சார்ள்ஸுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினான். மொக்டெசூமா தன் நாட்டைத் தாமாகவே மனம் விரும்பி ஸ்பானிய மன்னரிடம் ஒப்படைத்துவிட்டார் என்பது அதில் வரும் செய்தி. எழுதிய தினத்தில் மொக்டெசூமா உயிரோடு இல்லை. எழுதியவனோ அந்த நகரத்திலிருந்து துரத்தப்பட்டு வெளியே கிடந்தான். அதற்கும் மேலே ஒரு சங்கதி: கியூபா ஆளுநரின் கட்டளையை மீறிக் கிளம்பி வந்தவன் அவன். தன் தலையைக் காத்துக்கொள்ள அவனுக்கு ஒரு 'நன்கொடை' தேவைப்பட்டது. இன்றைய வரலாற்றாசிரியர்கள் பலர் அந்தப் பேச்சை நம்புவதில்லை. கொடுத்தவர் கைதி. வாங்கியவனின் சொல்லைத் தவிர வேறு உறுதி இல்லை. எந்த நொத்தாரிசு இதைப் பதிவார்?

வாளை எடுக்குமுன் தாளை எடுப்பது அக்காலத்து ஐரோப்பியரின் வழக்கம் போலும். 1494இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் டோர்டெசில்லாஸ் என்ற ஊரில் கூடி, கடலில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு மேற்கே உனக்கு, கிழக்கே எனக்கு என்று உலகத்தைப் பங்கிட்டன. சொந்தக்காரர் ஊரில் இல்லாத நேரம் இரண்டு அயலவர்கள் அவர் வளவுக்கு வேலி போட்ட மாதிரி! 1513இல் ஸ்பானியர் இன்னொரு தாள் தயாரித்தார்கள். புதிய தேசத்து மக்கள் முன் அதை வாசிக்க வேண்டும்: அடிபணியுங்கள், மறுத்தால் போர், அடிமை, அழிவு, அதன் பாவம் உங்களையே சேரும். வாசித்தது ஸ்பானிய மொழியில். கேட்டவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்காது.

கோட்டேக்கு வருகிறேன். போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தது 1505 என்று பாடநூல்களில் படித்தோம். 1506 என்பாரும் உண்டு. வந்தவர்களைக் கோட்டேக்கு அழைத்துப் போனவர்கள், தலைநகர் மிகத் தூரம் என்று காட்டுவதற்காக மூன்று நாள் சுற்றுவழியில் கூட்டிச் சென்றார்களாம். 'பறங்கியா கோட்டே கியா வகே' என்ற சிங்களப் பழமொழி அப்படிப் பிறந்தது. ஆனால் கொழும்புத் துறையில் நின்ற கப்பலிலிருந்து பீரங்கி முழங்க, கூடப் போனவன் காதில் அது நன்றாகவே விழுந்தது என்றும் சொல்வார்கள். 1518இல் கொழும்பில் கோட்டை கட்டினார்கள். அதற்கு அடுத்த ஆண்டுதான் கோர்ட்டேஸ் மெக்சிக்கோவில் இறங்கினான்.

தம்பிக்குப் பயந்து போர்த்துக்கேயரிடம் சாய்ந்த புவனேகபாகு, தன் மகள் சமுத்திரா தேவியின் பிள்ளையான தர்மபாலரை வாரிசாக்க விரும்பினார். பேரனின் உருவத்தைப் பொன்னில் வார்த்து லிஸ்பனுக்கு அனுப்பினார். 1543இல் போர்த்துக்கல் மன்னர் அந்தப் பொற்சிலைக்கு முடி சூட்டினார். அந்தக் காட்சியைச் செதுக்கிய இலங்கை யானைத்தந்தப் பேழை இன்றும் ஜெர்மனியின் மியூனிக் நகரில் இருக்கிறது. தன் பிள்ளையின் தலையில் முடியை வைக்கும் உரிமையை அயலானிடம் கொடுத்த பிறகு அதைக் கழற்றும் உரிமையை மட்டும் எப்படித் தடுப்பது?

நம் வத்தளையிலிருந்து களனி ஆற்றோடு மேலே போனால் சில மைல் தூரத்தில் களனி. 1551இல் புவனேகபாகு அங்கே தங்கியிருந்தபோது ஒரு போர்த்துக்கேயனின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். தவறுதலாகப் பட்டது என்று சொன்னார்கள். அதே ஆண்டு கோவாவிலிருந்து வந்த போர்த்துக்கேய வைஸ்ராய், துணைக்கு வந்தவர் போல வந்து, கோட்டே அரண்மனைப் பொக்கிஷத்தைத் தோண்டித் துருவி எடுத்துப் போனார். சிறுவன் தர்மபாலர் மன்னரானார். 1557இல் ஞானஸ்நானம் பெற்றார். விகாரைகளின் நிலங்களை பாதிரிமாருக்குக் கொடுத்தார். குடிமக்கள் அவரைவிட்டு விலகினார்கள். 1565இல் கோட்டேயைக் கைவிட்டு கொழும்புக் கோட்டைக்குள் குடிபுக வேண்டியதாயிற்று. 1580இல் அவர் ஒப்பம் வைத்தபோது அவர் கைவசம் இருந்தது போர்த்துக்கேயப் பீரங்கி எட்டும் தூரம் மட்டும். மற்றதெல்லாம் சீதாவக்கையின் பிடியில். தன்னிடம் இல்லாததை, தன்னைக் காவல் காப்பவனுக்கே எழுதிக் கொடுத்தார்.

இதில் நம் முன்னோர் எங்கே நின்றார்கள் என்று கேட்பீர்கள். கொழும்புத் துறையில் கறுவா வாங்கி விற்றவர்கள் அவர்கள். போர்த்துக்கேயர் அவர்களைக் கண்டதும் இட்ட பெயர் 'மூர்'. ஆபிரிக்காவின் வடகரையிலும் அந்தலுஸிலும் தாம் போரிட்ட முஸ்லிம்களுக்கு ஐபீரிய நாட்டார் வைத்திருந்த பெயர் அது. 1492 ஜனவரியில் கிரனாடா வீழ்ந்தது. அதே ஆண்டுதான் கொலம்பஸ் கப்பல் ஏறினார். அந்தப் போர்களின் நினைவோடுதான் இவர்கள் கடலில் இறங்கினார்கள். பிலிப்பைன்ஸில் முஸ்லிம்களைக் கண்ட ஸ்பானியரும் 'மோரோ' என்றே அழைத்தார்கள். இதைவிட வியப்பு ஒன்று உண்டு. சோலூலா என்ற அஸ்டெக் தேசத்து ஊரில் கோர்ட்டேஸ் உயரமான இடத்தில் ஏறி நின்று கோயில் கோபுரங்களை எண்ணினான். நானூறுக்கும் மேல் என்று மன்னருக்கு எழுதினான். அந்தக் கோயில்களுக்கு அவன் எழுதிய சொல் 'மெஸ்கித்தா'. அதாவது மஸ்ஜித்! முஸ்லிம் ஒருவர்கூட இல்லாத தேசத்தில் அவன் கண்ணுக்குப் பட்டதெல்லாம் பள்ளிவாசல். எதிரி யார் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வருபவனுக்கு எதிரே நிற்பவரின் முகம் தெரியாது.

1526இல் போர்த்துக்கேயரின் நெருக்குதலால் புவனேகபாகு முஸ்லிம் வணிகரைத் தன் துறைமுகங்களிலிருந்து வெளியேற்றினார். மாயாதுன்னையோ முஸ்லிம்களைத் துணையாகக் கொண்டார். கள்ளிக்கோட்டைச் சாமூதிரியிடம் உதவி கேட்டார். மரைக்காயர்களின் கப்பற்படை வந்தது. 1538இல் இராமநாதபுரக் கரையில் வேதாளையில் அந்தப் படை முறியடிக்கப்பட்டது. மாயாதுன்னையை வீரனாக நினைத்துப் பெருமைப்படுபவர்களுக்கு இதையும் சொல்ல வேண்டும்: அடுத்த ஆண்டு போர்த்துக்கேயரோடு சமாதானம் வேண்டியபோது, தனக்கு உதவ வந்த மரைக்காயத் தலைவர்களின் தலைகளையே அவர் விலையாகக் கொடுத்தார். 1626இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை மீண்டும் விரட்டினார்கள். கண்டி மன்னர் செனரத் சுமார் 4,000 பேருக்கு மட்டக்களப்புப் பக்கம் இடம் கொடுத்தார். கிழக்கிலே பிறந்த சகோதரிகள் இதை நினைவில் வைத்திருப்பீர்கள்.

பெரேரா, சில்வா, பெர்னாந்து என்று நம் வத்தளையில் அயலில் வாழ்வோரைப் பார்த்து இந்தக் கதைக்காக யாரும் முகம் சுளிக்கக் கூடாது. அவர்களும் இந்த மண்ணின் பிள்ளைகள். அவர்களுக்கு அந்தப் பெயர்களும் நமக்கு 'மூர்' என்ற பெயரும் ஒரே கப்பலில் வந்தவை.

மெக்சிக்கோவில் முழுமையாக நடந்தது இங்கே ஏன் அரைகுறையாக நின்றது? பெரிய காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒன்று. 1520இல் ஸ்பானியரோடு வந்த பெரியம்மை அந்த நகருக்குள் புகுந்தது. அதற்கு முன் அம்மையையே அறியாத மக்கள். தாயும் பிள்ளையும் ஒரே பாயில் கிடந்தார்கள், தண்ணீர் கொடுக்க ஆளில்லை. மொக்டெசூமாவுக்குப் பின் வந்த மன்னர் குயிட்லாவாக் மூன்று மாதத்துக்குள் அதிலே மாண்டார். அடுத்த நூறு ஆண்டுகளில் அந்நாட்டு மக்களில் மிகப் பெரும் பகுதி நோய்களால் அழிந்தது. நம் தீவுக்கோ ஆசியாவின் மற்ற நாடுகளைப் போல அம்மை புதிதல்ல. இங்கே காடும் மலையும் காய்ச்சலும் வந்தவனையே வாட்டின. இரும்பும் நமக்குப் புதிதல்ல. நம் கொல்லர்கள் துப்பாக்கி செய்யப் பழகிக்கொண்டார்கள். சீதாவக்கை 1587, 88இல் கொழும்பையே முற்றுகையிட்டது.

கண்டியைப் பிடிக்கவும் போர்த்துக்கேயர் தேடியது ஒரு வாரிசைத்தான். 1594இல் குசுமாசன தேவி என்ற கண்டி அரசகுலச் சிறுமியை, தோனா கத்தரீனா என்று பெயரிட்டு, படையோடு மலைக்குக் கொண்டுபோய் அரசியாக்கினார்கள். அவளை யாருக்கு மணமுடிப்பது என்பதில் தடுமாறினார்கள். தந்துரையில் படை அழிந்தது. வென்ற விமலதர்மசூரியன் அவளைத் தான் மணந்து தன் அரசுக்கு உரிமை தேடிக்கொண்டான். இரு பக்கத்தாருக்கும் அவள் உயிருள்ள ஓர் உறுதிப் பத்திரம். அவளிடம் யாரும் சம்மதம் கேட்டதாகத் தெரியவில்லை. கண்டியைப் போர்த்துக்கேயர் கடைசிவரை பிடிக்கவில்லை. 1656இல் கொழும்பும் ஒல்லாந்தரிடம் போயிற்று.

அஸ்டெக் மக்கள் தூரத்து மக்கள் என்று நினைக்காதீர்கள். ஆணத்துக்குப் போடும் கொச்சிக்காய் அவர்கள் தோட்டத்துப் பயிர். போர்த்துக்கேயர் கப்பலில் வருமுன் நம் பாட்டிமாரின் சமையலுக்கு மிளகுதான் உறைப்பு. தக்காளியும் அந்தப் பக்கத்தது. பாண், மேசை, கதிரை, அலுமாரி, சப்பாத்து, லேஞ்சி எல்லாம் போர்த்துக்கேயச் சொற்கள். வத்தாளைக் கிழங்கும் பெயரோடு அவர்கள் கொண்டு வந்ததே. (நம் ஊர்ப் பெயருக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, தேட வேண்டாம்!) காணிப் பதிவேட்டைக் குறிக்கும் 'தோம்பு' என்ற சொல்லும் அவர்களுடையது. நாட்டை எழுதி வாங்கியவர்கள் பிறகு ஒவ்வொரு ஊரின் தோட்டத்தையும் வயலையும் தோம்பில் எழுதினார்கள்.

1597இல் தர்மபாலர் இறந்தார். உறுதி உயிர்பெற்றது. இதற்கிடையே போர்த்துக்கலின் முடி ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் தலைக்குப் போயிருந்தது. ஆகவே கோட்டேயின் வாரிசு அவர். அந்தப் பிலிப் யார் தெரியுமா? மொக்டெசூமா தன் நாட்டை மனமுவந்து கொடுத்தார் என்று கோர்ட்டேஸ் எழுதினானே, அந்த ஐந்தாம் சார்ள்ஸின் மகன். தகப்பனுக்கு மெக்சிக்கோ நன்கொடை. மகனுக்கு கோட்டே நன்கொடை. இருவரும் தாம் பெற்ற நாட்டைக் கண்ணால் கண்டதில்லை.

மொக்டெசூமாவுக்கு டெகுயிச்போ என்று ஒரு மகள் இருந்தாள். நகரம் விழுந்தபோது சிறு பெண். குயிட்லாவாக்குக்கும், பிறகு கடைசி மன்னர் குவாட்டெமோக்குக்கும் மனைவியாக்கப்பட்டு இருமுறை விதவையானாள். ஸ்பானியர் அவளுக்கு இசபெல் என்று பெயரிட்டு, மேலும் மூன்று முறை மணமுடித்து வைத்தார்கள். கோர்ட்டேஸுக்கும் ஒரு மகளைப் பெற்றாள். 1526இல் கோர்ட்டேஸ் தகூபா என்ற ஊரின் வருமானத்தை அவளுக்கு மானியமாக எழுதிக் கொடுத்தான். அவள் தகப்பனின் ஆட்சிக்குள் இருந்த ஊர் அது. மன்னர் தம் நாட்டைத் தந்ததற்கு நன்றியாக அவர் மகளுக்குத் தருவதாகச் சொன்னார்கள். அவள் 1550இல் இறந்தாள். தன் மரண சாசனத்தில், தன்னிடம் அடிமைகளாக இருந்த உள்நாட்டு மக்கள் அனைவரையும் விடுதலை செய்துவிட வேண்டும் என்று எழுதி வைத்திருந்தாள்.